படத்தில் நடுவில் நிற்பவனுக்கு

மகன்,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “பிறகு சொல்லுறன் மனே” என்று நான் பட்டென்று வைத்தது உனக்குக் கோபமாக இருந்திருக்கும். கமரா ஒன்று வாங்கிவிட்டாய், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றாய். அடுத்த மாதம் பிள்ளை பிறந்ததும் நீ, தர்சினி, பிள்ளை என்று மூன்று பேரும் நிற்கும் ஒரு படம் வேண்டும், ஆனால் மூன்று பேர் நின்று படம் எடுக்கவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள், அதிலிருந்து தர்சினி பயந்துபோய் அழுகிறாள் என்றாய். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் தேங்காய் துருவுகிற சாட்டில் நின்றுகொண்டிருந்தாள். துருவும் சத்தம் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. அதனால்தான் கடிதம். நீ கேட்டதில் பாதிக்கு நான் நிபுணன். மற்றப் பாதிக்கு நான் குற்றவாளி. முதலில் நிபுணனைப் பேசவிடு. குற்றவாளி கொஞ்சம் தைரியம் சேர்த்துக்கொண்டு பின்னால் வருவான்.

நிபுணன் என்று சொன்னதற்குச் சிரிக்காதே. நீ கலியாணம் முடித்து வாவிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு வருடம் ஆகிறது. மற்ற ஊர்களில் மகளை அனுப்பிவிட்டு அழுவார்களாம். நம்முடைய பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே போக வேண்டும் என்பதால் நாங்கள் மகனை அனுப்பிவிட்டு அழுகிறவர்கள். போகிற அன்று, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் காலத்தில் யாரிடமோ வாங்கிய உன் பழைய கமராவை மேசையில் வைத்து, “வேணுமெண்டா எடுத்துப் பாருங்கப்பா” என்றாய். இரண்டு கிழமை நான் அதைத் தொடவில்லை. உன் அம்மா தினமும் அதைத் தூசு தட்டி, திருநீறு பூசாத குறையாக வைத்திருந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், திருடன்போல எடுத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து நான் பழைய மனிதன் இல்லை. காலையில் எழுந்தால் முதலில் வானத்தைப் பார்க்கிறேன். தேத்தண்ணி ஆறிப்போகிறது. அலுவலகத்தில் யாராவது வந்து நின்றால், இவருடைய முகத்துக்கு யன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே அவர் சொன்னதைக் கேட்காமல் விடுகிறேன். முன்பும் கேட்பதில்லைதான், இப்போது அதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது.

தொடக்கத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை நீ செய்யாதே. கமராவின் தலையில் ஒரு சக்கரம் இருக்கிறதல்லவா, அதில் பச்சை நிறத்தில் ஒரு அடையாளம் இருக்கும். அதில் வைத்தால் எல்லாவற்றையும் கமராவே பார்த்துக்கொள்ளும். எனக்கு அது அவமானமாகப் பட்டது. இருபத்து நாலு வருடம் கிராம சேவகராக இருந்தவன், ஊரே ‘விதானையார்’ என்று எழும்பி நிற்கிற மனிதன், தன் பொறுப்பை ஒரு இயந்திரத்திடம் கொடுப்பதா? (பொறுப்பையெல்லாம் ‘நாளைக்கு வாங்க’ என்று நாளையிடம் கொடுத்தே உத்தியோகம் பார்த்தவன் என்பது வேறு கதை.) ஆகவே எல்லாவற்றையும் கையால் திருத்தும் இடத்தில் சக்கரத்தை வைத்து, கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொண்டு வந்து உன் அம்மாவிடம் காட்டினேன். திரை முழுக்க ஒரே வெள்ளை, தட்டில் வைத்த பால்சோறு மாதிரி.

“பாலம் எங்க?” என்றாள்.

“வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போச்சு.”

“வெளிச்சம் கூடினா நல்லாத் தெரியோணுமே. பாலத்த யாரு தூக்கிட்டுப் போன?”

அடுத்த நாள் அதே பாலத்தை எடுத்தேன். இந்த முறை அடுப்படிச் சுவர் மாதிரிக் கறுப்பு. மூன்றாம் நாள் பாலம் தெரிந்தது, ஆனால் சரிந்திருந்தது. தண்ணீர் மட்டமும் சரிந்து, வாவி முழுவதும் காத்தான்குடிப் பக்கம் வழிந்து ஊரை மூடிவிடும்போல இருந்தது. ஆகவே மகன், முதல் ஒரு மாதம் வெட்கப்படாமல் பச்சை அடையாளத்திலேயே வை. வெளிச்சக் கணக்கைக் கமரா பார்க்கட்டும். நீ பார்க்க வேண்டியது மூன்றே மூன்று: எங்கே நிற்கிறாய், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எப்போது பொத்தானை அமத்துகிறாய். நாலாவதாக ஒன்று சொல்வதென்றால், தண்ணீரைச் சரியவிடாதே. திரையில் கட்டம் கட்டமாகக் கோடு காட்டும் வசதி இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு, வாவிக்கரையை ஒரு கோட்டோடு ஒட்டிப் பிடி. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள். சேர்ட் பொக்கற்றுக்குள் ஒரு பூனைக்குட்டி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நில்; கை ஆடாது.

வெளிச்சத்தைப் பற்றி எனக்குச் சொல்லித் தர ஒரு புத்தகமும் தேவைப்பட்டிருக்கக் கூடாது. நம் ஆட்கள் வாவியின் இரண்டு கரைக்கும் சூரியனைப் பார்த்துத்தானே பெயர் வைத்தார்கள்? சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. ஐம்பத்தாறு வயது வரை அந்த இரண்டு சொல்லையும் எத்தனையோ அரசாங்கக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்; ஒரு நாளாவது தலையை நிமிர்த்திச் சூரியனைப் பார்த்து எழுதவில்லை. கமரா வந்த பிறகுதான் பார்த்தேன். நாங்கள் இருக்கும் கரையில் பின்னேர வெளிச்சம் தண்ணீரின் மேலாக வந்து முகத்தில் தேன் பூசினாற்போல விழுகிறது. நீ இருக்கும் கரையில் அது காலையில் நடக்கும். உன் மாமனார் வீட்டு வாசல் வாவியைப் பார்த்தது. ஆறரை மணிக்குத் தர்சினியை அந்த வாசலில் நிற்கவைத்துப் பார், கமராவே சிரிக்கும். உச்சி வெயிலில் மட்டும் யாரையும் எடுக்காதே. நான் பக்கத்து வீட்டுப் பூமணி அக்காவைப் பகல் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் நிற்கவைத்து எடுத்தேன். கண் இருந்த இடத்தில் இரண்டு குழி, மூக்குக்குக் கீழே ஒரு மீசை நிழல். படத்தைப் பார்த்துவிட்டு அவ சொன்னது: “தம்பி, இத பத்திரமா வெச்சிரிங்க. நான் செத்தா நோட்டீசுக்கு உதவும்.”

அவவுடைய படத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. அதை உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். நான் எடுத்த நாற்பது ஐம்பது முகங்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, “என்ன இது, முழு ஊரும் அடையாள அட்டைக்கு நிண்ட மாதிரி இரிக்கு” என்றாள். உண்மைதான். இத்தனை வருடமாக என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்து, இவர் இன்னார்தான் என்று கையெழுத்து வைத்துப் பழகிய கை. யாரைக் கண்டாலும், “நேரா நில்லுங்க, சிரிக்காதீங்க, ரெண்டு காதும் தெரியோணும்” என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. கோயில் திருவிழாவில் பலூன் வைத்திருந்த குழந்தையிடம்கூட, பலூனைக் கீழே வைக்கச் சொல்லியிருக்கிறேன்! அதிலிருந்து ஒரு பாடம் படித்தேன், எழுதிக்கொள். ஆளை நிற்கச் சொல்லாதே. ஒரு வேலை கொடு. தர்சினியிடம் தலையைப் பின்னச் சொல், மாமியாரிடம் நெல்லைத் தூற்றச் சொல், கதை கேள், திட்டு வாங்கு. அவர்கள் கமராவை மறந்த பிறகு அமத்து. தூரத்தில் நின்றுகொண்டு கமராவின் முன்குழாயை நீட்டி நீட்டி இழுக்காமல், காலால் கிட்டப் போ. பயமாக இருந்தால் முதலில் படம் எடுக்காமல் பத்து நிமிடம் பேசிக்கொண்டிரு.

எப்போது அமத்துவது என்பதை எனக்குச் சொல்லித் தந்தது சீனித்தம்பி என்கிற மீனவர். பாலத்துக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிகிறவர். வலை ஆகாயத்தில் வட்டமாக விரியும் அந்த ஒரு கணத்தைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. ஆறு பின்னேரம் போனேன். ஆறு பின்னேரமும் எனக்குக் கிடைத்தது, வலை தண்ணீரில் விழுந்த பிறகு எழும் தெறிப்பும், எனக்காக மறுபடி மறுபடி எறிந்து களைத்துப்போன சீனித்தம்பியின் முகமும்தான். கடைசியில் அந்த மனிதன் பொறுமை இழந்தார்.

“விதானையார், மீனும் இல்ல, படமும் இல்ல. நீங்க எங்க பாக்கிறீங்க?”

“வலையத்தான் பாக்கிறன்.”

“வலையப் பாத்தா வலை போன பொறகுதான் அமத்துவீங்க. என்ட தோளப் பாருங்க. தோள் திரும்பக்குள்ள அமத்துங்க.”

சக்கரத்தில் ஓடுகிற மனிதனின் அடையாளம் ஒன்று உண்டு, வேகமாக அசைவதற்கு. அதில் வைத்தேன். விரலைப் பாதி அமத்தி வைத்துக்கொண்டேன். இந்தப் பாதி அமத்தலை மறக்காதே. பாதி அமத்தினால் கமரா எதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று பிடித்துக்கொள்ளும், ஒரு சின்னச் சத்தம் கேட்கும், மீதியை அமத்துவதுதான் படம். தோள் திரும்பியது. அமத்தினேன். திரையில் பார்த்தால், மகன், வலை! ஒவ்வொரு கண்ணியும் எண்ணலாம்போல, பின்னேரச் சூரியன் அதன் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்க, முழு வட்டமாக ஆகாயத்தில் வலை! நான் கத்தியது புளியந்தீவுக்குக் கேட்டிருக்கும். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு குதி குதித்தேன், சேற்றில் கால் வழுக்கி இடுப்பு வரைக்கும் உள்ளே போனேன், கமராவை மட்டும் தலைக்கு மேல் பிடித்திருந்தேன். “மீனெண்டாலும் இப்பிடித் துள்ளாது விதானையார்” என்று சீனித்தம்பி கை கொடுத்துத் தூக்கினார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று அவர் வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் வாழ்நாளில் நான் கையெழுத்து வைத்த எந்தத் தாளும் ஒருவர் வீட்டிலும் சுவருக்கு ஏறியதில்லை.

கமராவைப் பேணுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைப்பொங்கலுக்கு உங்களிடம் வந்தோமே, மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் அந்தப் படகில் ஓர் அலை அடித்து கமரா நனைந்தது. உங்களிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, உன் மாமனார் தன் வயல் வட்டையில் விளைந்ததென்று தந்துவிட்ட புது அரிசி மூட்டைக்குள் அதைப் புதைத்துவிட்டேன். நனைந்த கைத்தொலைபேசிக்கு எல்லோரும் செய்கிற வைத்தியம்தானே? மூன்றாம் நாள் எடுத்து அமத்தினால், முன்னால் நீளும் குழாய் ‘கறக் கறக்’ என்று ஒரு அரைப்பு. காத்தான்குடியில் கமரா திருத்தும் ஹனீபா நானாவிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் தட்டினார். தவிடு கொட்டியது.

“சேர், இதுக்குள்ள என்ன, புட்டு அவிச்சீங்களா?”

“நனைஞ்ச போனெண்டா அரிசிக்குள்ள போடுறல்லியா நானா, அதான்...”

“போன் மூச்சு விடாது சேர். இது மூக்க நீட்டி நீட்டி மூச்சு விடுற சாமான். உங்கட சம்பந்தியிட வயல் முழுக்க உள்ளுக்கு இழுத்திரிக்கு.”

ஆகவே நனைந்தால் உடனே நிறுத்து, பற்றரியைக் கழற்று, துணியால் ஒற்று, காற்றோட்டமான இடத்தில் வை, ஹனீபா நானாவிடம் கொண்டுபோ. கட்டியிருக்கிற சாரத்தின் நுனியால் கண்ணாடியைத் துடைக்காதே. அதையும் செய்திருக்கிறேன், அந்தக் கோடு இப்போதும் எல்லாப் படத்திலும் வலது மூலையில் தெரிகிறது, என் கையெழுத்துப்போல.

சரி. நிபுணன் பேசி முடித்துவிட்டான். இனி மற்றவன்.

நம் வீட்டு அல்பத்தை நினைத்துப் பார். நீ பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள்: நான், அம்மா, நீ, பூமணி அக்கா. உன் ஏழாவது பிறந்த நாள்: நான், அம்மா, நீ, பூமணி அக்கா. பட்டமளிப்பு: அங்கேயும் பூமணி அக்கா, பட்டுச் சேலையோடு. உன் கலியாணப் பேச்சுக்கு வந்த சம்பந்தி அல்பத்தைப் புரட்டிவிட்டு, “இவ மாப்பிள்ளைக்குப் பெரியம்மாவா?” என்று கேட்டாரே! அவ கிடைக்காத இடத்தில் கல்லடிக் கடற்கரையில் ஒரு கடலைக்காரரைப் பிடித்து நிற்கவைத்தோம். யாருமே கிடைக்காத ஒரு நாள் உன் கையில் ஒரு கல்லைக் கொடுத்து, அதுவும் ஒரு ஆள் என்று கணக்கு வைத்தாள் உன் அம்மா. மூன்று பேர் நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது என்பது நம் ஊரில் அவள் மட்டும் சொல்கிற கதை இல்லை. ஆனால் மற்ற வீடுகளில் அது ஒரு பேச்சு. நம் வீட்டில் சட்டம். அது எப்படிச் சட்டமானது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உனக்கு ஐந்து வயது. புளியந்தீவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். அன்றும் அவள், “நாலாவதா ஒரு ஆளக் கூப்பிடுங்க” என்றாள். எனக்கு அப்போதுதான் உத்தியோகம் கிடைத்து, தலைக்குள் கனம் ஏறியிருந்த காலம். “படிச்ச சனம் பேசுற கதையா இது?” என்று ஸ்டூடியோக்காரருக்கு முன்னால் அவளைப் பகிடி பண்ணி, உன்னை நடுவில் நிறுத்தி, நானும் அவளும் உன் தோளில் ஆளுக்கொரு கை வைத்து நின்றோம். படம் எடுத்து முடிந்ததும் அவள் துணிக்கடைக்குப் போனாள். நான் உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். தூறல் போட்டது. ஐஸ்பழக்காரர் ஒருவர் வந்தார். நீ ஒன்று கேட்டாய். நான் மூன்று வாங்கித் தந்தேன். தூறலில் நனைந்துகொண்டே, வாயெல்லாம் சிவப்பாக, மூன்றையும் தின்றாய். உனக்குச் சளி பிடிக்கும், குளிர்ச் சாமான் கண்ணிலும் காட்டக் கூடாது என்று அவள் ஆயிரம் தரம் சொல்லியிருந்தாள். “அம்மாட்டச் சொல்லாத” என்று உன்னிடம் சொன்னேன். நீ சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

அன்று பின்னேரமே காய்ச்சல். ஒரு கிழமை ஆசுப்பத்திரியில் கிடந்தாய். உன் அம்மா உன் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஊரெல்லாம் பரவுகிற காய்ச்சல்தான் இது என்று டொக்டர் சொன்னார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம், படத்துக்கும் ஐஸ்பழத்துக்கும் அதில் பங்கே இல்லாமல் இருக்கலாம். ஆனால் மூன்றாம் நாள் அவள் என்னைப் பார்த்து, “அந்தப் படந்தான். நான் சொன்னன், நீங்க கேக்கல்ல” என்றாள். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஐஸ்பழத்துக்காகத் திட்டு விழும் என்று பயந்து தலையை ஆட்டினேன். “ஓம், படந்தான்” என்றேன். படித்த மனிதன் ஆட்டிய அந்த ஒரு தலைதான், மகன், இருபத்து நாலு வருடமாகப் பூமணி அக்காவை நம் அல்பத்தில் நிற்கவைத்தது.

நீ வீட்டுக்கு வந்த அன்று அவள் கத்தரிக்கோலை எடுத்து, அந்தப் படத்தின் நடுவிலிருந்து உன்னை மட்டும் வெட்டி எடுத்தாள். ஆபத்திலிருந்து வெளியே எடுக்கிற மாதிரி. அதுதான் இன்றைக்கும் நம் வீட்டு முன்னறையில் தொங்குகிற உன் சின்ன வயதுப் படம். தோளில் இரண்டு கை. ஒன்றில் வளையல், மற்றதில் மணிக்கூடு. கைகளுக்கு உரிய ஆட்கள் இல்லை. “இது யார்ர கை?” என்று நீ கேட்டாய். “சாமிட கை” என்றாள். “சாமி ஏன் மணிக்கூடு கட்டியிரிக்கார்?” என்று நீ என்னைத்தான் பார்த்தாய். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்துவிட்டேன்.

இப்போது உன் வீட்டில் மூன்று பேர் ஆகப்போகிறீர்கள். என்னுடைய கோழைத்தனத்துக்குத் தர்சினி ஏன் அழ வேண்டும்? பிறக்காத அந்தப் பிள்ளை ஏன் தன் முதல் படத்தில் யாரோ ஒரு நாலாவது ஆளுக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும்?

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். உனக்கு எழுதிவிட்டு அவளுக்குச் சொல்லாமல் விட்டால், இது இன்னொரு ‘அம்மாட்டச் சொல்லாத’ ஆகிவிடும் என்று பட்டது. பேனையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

நின்றபடியே சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தி நிற்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எத்தின?”

“மூண்டு.”

“மூண்டு ஐஸ்பழம். மழைக்குள்ள.” மீனின் தலை துண்டாகித் தள்ளி விழுந்தது. “அப்ப, இவ்வளவு காலமும் நான் பயந்து செத்தத நீங்க பாத்துக்கொண்டுதான் இரிந்திரிக்கீங்க.”

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு வந்தது, கோப்பை வைக்கிற சத்தத்தில் எல்லாம் இருந்தது. மூன்றாம் நாள் காலை அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் போட்டாள். உள்ளே அந்தப் படத்தின் மற்ற இரண்டு துண்டுகள். ஒரு துண்டில் மீசை வைத்த நான், மற்றதில் ரெட்டைச் சடையோடு அவள். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கை இல்லை. இத்தனை காலமும் வைத்திருந்திருக்கிறாள்.

“இத ஒட்டேலுமா?” என்றாள்.

“ஒட்டத் தேவையில்ல. புதுசா எடுப்பம்.”

இரண்டு துண்டையும் திரும்ப உறைக்குள் போட்டாள். “தர்சினிட்ட நானே பேசுறன். புள்ள பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்கு கழியட்டும். பொறகு அவங்க மூண்டு பேரும் எடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசலில் திரும்பி, “அதுக்கு முதல் நாங்க மூண்டு பேரும் எடுக்கோணும். அவன வரச் சொல்லுங்க” என்றாள். மகன், அந்த வலைப் படத்துக்குக்கூட நான் இப்படித் துள்ளவில்லை!

ஆகவே வருகிற ஞாயிறு பின்னேரம் நாலு மணிப் படகில் வா. ஐந்தரைக்கு வெளிச்சம் வாசலுக்கு வரும். கமராவை முக்காலியில் வைத்து, அமத்தினால் பத்து விநாடி பொறுத்து எடுக்கிற வசதியைப் போட வேண்டும். அதைப் படித்துக்கொள், உனக்கும் தேவைப்படும். நடுவில் நிற்கிறவருடைய முகத்தைப் பார்த்துப் பொத்தானைப் பாதி அமத்திப் பிடித்துவிட்டு மீதியை அமத்த வேண்டும். பிறகு ஓட வேண்டும். முக்காலியிலிருந்து என் இடத்துக்குப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும். அளந்துவிட்டேன். நேற்றுப் பின்னேரம் ஒத்திகையும் பார்த்தோம். முற்றத்தில் மூன்று கதிரை போட்டு, உன் அம்மா ஒன்றில் இருந்தாள், நடுக் கதிரை உனக்கு, மற்றது எனக்கு. கதிரை போடுகிற சத்தம் கேட்டதும் பூமணி அக்கா பழக்கதோசத்தில் சேலை மாற்றிக்கொண்டு வேலிக்கு வந்துவிட்டா. “நான் எந்தப் பக்கம் நிக்கிற?” என்றா. “இந்தத் தரம் உங்களுக்கு லீவு அக்கா” என்றாள் உன் அம்மா. பூமணி அக்காவுக்கு வந்த கோபத்தை அவவுடைய வாயாலேயே நீ கேட்டுக்கொள்வாய்.

அந்த ஒத்திகைப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். வீட்டுக் கூரை சரியவில்லை, பார். அந்தப் பெருமையை முதலில் பார். வலது பக்கம் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு கால் தரையிலும் ஒரு கால் ஆகாயத்திலுமாகப் புகைபோல அழிந்து தெரிகிறவன் நான்; எட்டாவது எட்டில் பத்து விநாடி முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேகம் கூட்ட வேண்டும். இடது பக்கம் இருக்கிற உன் அம்மா தெளிவாக விழுந்திருக்கிறாள். அவள் கமராவைப் பார்க்கவில்லை; அதற்கு மேலாக, தண்ணீருக்கு அப்பால் நீ இருக்கிற கரையைப் பார்க்கிறாள். அவளுடைய இடது கை நடுக் கதிரையின் முதுகில், நீ இருந்தால் தோள் வரும் உயரத்தில் இருக்கிறது.

வலது கை மடியில், இறுக்க மூடியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் விரல்களுக்கு இடையில் ஒரு கல்லின் ஓரம் தெரியும். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயும் காணாத மாதிரி வந்து நடுவில் இரு.

உன் அப்பா